பலவீனமான இதயமும் பழுப்புக் கொழுப்பும்: எம்.ஆர்.ஐ உண்மையில் எதைப் பார்க்கிறது?

இதயச் செயலிழப்பு என்றதும் பேச்சு உடனே இடது கீழறை எத்தனை சதவீதம் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்குக்குப் போய்விடும். எக்கோ எடுத்தால் கிடைக்கிற அந்த ஒற்றை எண்ணை நோயாளி, குடும்பத்தார், மருத்துவர் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஆனால் இந்த நோய் இதயத்தோடு நிற்பதில்லை. நாள்பட்ட இதயச் செயலிழப்பில் சிலர் கண் முன்னாலேயே உருகிப்போவார்கள். கால் வீங்கியிருக்கும், தோளும் தொடையும் வற்றியிருக்கும். சாப்பாடு குறைந்ததால் மட்டும் வருகிற மெலிவு அல்ல இது. 1997-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, இப்படித் தானாக எடை குறைந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பதினெட்டே மாதத்தில் இறந்துபோனதைக் காட்டியது. எடை குறையாதவர்களோடு ஒப்பிட்டால் அது பயங்கரமான வித்தியாசம்.

அந்த ஆற்றல் எல்லாம் எங்கே போகிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பழுப்புக் கொழுப்பின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நான் எம்.ஆர்.ஐ படங்களோடு வேலை செய்கிற ஆள், இதய மருத்துவர் அல்ல. அதனால் இதில் எழுதுவதெல்லாம் படம் எடுக்கிற பக்கத்திலிருந்து பார்த்து எழுதுவதுதான். ஆனால் இந்த விஷயத்தில் படம் எடுக்கிற பக்கம்தான் சிக்கலே, அதை யாராவது விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பழுப்புக் கொழுப்பு என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் இடுப்பிலும் வயிற்றிலும் சேர்கிற வெள்ளைக் கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைக்கும். ஒரு செல்லுக்குள் ஒரே பெரிய எண்ணெய்த் துளி, ஓரத்தில் ஒதுங்கிய கரு, அவ்வளவுதான். பழுப்புக் கொழுப்பு அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு செல்லிலும் சின்னச் சின்னத் துளிகள் நிறைய, அவற்றைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்த மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள இரும்பும், திசுவுக்குள் ஓடுகிற ஏராளமான ரத்த நாளங்களும் சேர்ந்துதான் அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுக்கின்றன. இதன் உயிர்நாடி யூசிபி1 என்ற புரதம். சாதாரணமாக மைட்டோகாண்ட்ரியா தன் உள்சவ்வுக்கு வெளியே புரோட்டான்களைத் தள்ளித் தேக்கி, அவை திரும்பி வரும் விசையில் செல் செலவழிக்கிற ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி-யைத் தயாரிக்கும். யூசிபி1 அங்கே வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. அணையில் தேங்கிய தண்ணீரை மின்சாரம் எடுக்க அனுப்பாமல் மதகு வழியாகச் சும்மா விடுவது மாதிரி. எரிந்த எரிபொருள் அத்தனையும் வெப்பமாகிவிடும். பிறந்த குழந்தை குளிரில் நடுங்காமலேயே தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வது இப்படித்தான்.

விலங்குகளில் இந்தத் திசு இருப்பது ரொம்பப் பழைய சங்கதி. கான்ராட் கெஸ்னர் 1551-லேயே மர்மோட் என்ற மலை அணிலின் தோள்பட்டைகளுக்கு நடுவே இப்படி ஒன்று இருப்பதாக எழுதிவைத்திருக்கிறார். வளர்ந்த மனிதர்களிடம் இது வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்பது மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி நிலைநாட்டப்பட்டது 2009-இல்தான். அந்த ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினின் ஒரே இதழில் மூன்று கட்டுரைகள் வந்தன. ஒன்றில் 1972 நோயாளிகளின் 3640 பெட்-சி.டி ஸ்கேன்களை (எந்தத் திசு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்று காட்டுகிற படங்கள்) புரட்டிப் பார்த்ததில் பெண்களில் 7.5 சதவீதம் பேரிடமும், ஆண்களில் 3 சதவீதத்துக்குச் சற்று மேலும் இது தென்பட்டது. இன்னொன்றில் 24 ஆண்களை 16 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவைத்துப் படம் எடுத்தார்கள். 23 பேரிடம் தெரிந்தது! இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திசு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, படம் எடுக்கும்போது அது விழித்திருக்கிறதா என்பதுதான் எண்ணை நிர்ணயிக்கிறது. பின்னால் வரப்போகிற எல்லாச் சிக்கலுக்கும் விதை இங்கேயே இருக்கிறது.

சரி, இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இரண்டு திசையிலிருந்தும் வருகிறது. இதயம் பலவீனமானால் உடம்பு பரிவு நரம்புகளை (ஆபத்து வேளையில் உடம்பை உஷார்படுத்துகிற நரம்புகள்) முடுக்கிவிடும், ரத்தத்தில் அவற்றின் தூதுப்பொருளான நார்அட்ரினலின் ஏறும். பழுப்புக் கொழுப்பை எழுப்புகிற சாவியும் அதே நார்அட்ரினலின்தான். அது போதாதென்று, இழுபட்டு விரிந்த இதயச் சுவர் ஏ.என்.பி, பி.என்.பி என்ற ஹார்மோன்களைக் கொட்டும். மூச்சிரைப்போடு வருகிறவருக்கு இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளப்பதும் இந்தக் குடும்பத்தைத்தான். 2012-இல் வந்த ஓர் ஆய்வு, இந்த ஹார்மோன்கள் கொழுப்புச் செல்களில் யூசிபி1 உற்பத்தியைத் தூண்டுகின்றன என்று காட்டியது. ஆக, இதயச் செயலிழப்பு உள்ளவரின் உடம்பில் பழுப்புக் கொழுப்பைத் தட்டி எழுப்பக் கூடிய இரண்டு சைகைகள் இரவும் பகலும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. உருகிப்போகிற நோயாளியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், ஆற்றல் போகிற ஓட்டை இதுதானோ என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் எதிர்த்திசையிலும் ஆதாரம் குவிந்துகொண்டிருக்கிறது. 2021-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் 52,487 பேருக்கு எடுத்த 1,34,529 பெட்-சி.டி ஸ்கேன்களை அலசியது. பழுப்புக் கொழுப்பு தென்பட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், ரத்தக் கொழுப்புக் கோளாறு, இதயத் தமனி நோய், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் குறைவாக இருந்தன, இதயச் செயலிழப்பும்தான். பருமனானவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் துலக்கமாக இருந்தது. இது தொடர்பு மட்டுமே; பழுப்புக் கொழுப்பு இருந்ததால் இதயம் பிழைத்ததா, ஆரோக்கியமாக இருந்ததால் பழுப்புக் கொழுப்பு தங்கியதா என்று இந்த மாதிரி ஆய்வால் சொல்ல முடியாது. எலிகளிடம் இன்னும் நேரடியாகப் பார்க்க முடிந்தது. யூசிபி1 இல்லாத எலிகளுக்கு அட்ரினலின் வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது அவற்றின் இதயம் மற்ற எலிகளைவிட மோசமாகச் சேதமடைந்தது. பழுப்புக் கொழுப்பு 12,13-டைஹோம் என்ற ஒரு கொழுப்பு மூலக்கூறை ரத்தத்தில் விடுகிறது, அது இதயச் செல்கள் சுருங்குவதை மேம்படுத்துகிறது, இதய நோய் உள்ளவர்களிடம் அதன் அளவு குறைவாக இருக்கிறது என்று 2021-இல் சர்க்குலேஷன் இதழில் வந்தது.

எலி ஆய்வுகளைப் படிக்கிறபோது நான் எப்போதும் தேடுவது கூண்டின் வெப்பநிலையை. மனிதருக்கு இதமான 22 டிகிரி எலிக்குக் குளிர். எலிக்குச் சுகமானது 30 டிகிரிக்குப் பக்கம். அதனால் வழக்கமான ஆய்வகத்து எலி பிறந்ததிலிருந்தே குளிரில் வாழ்கிறது, அதன் பழுப்புக் கொழுப்பு எப்போதும் விழித்தே இருக்கிறது. அந்த எலியின் முடிவை அப்படியே சட்டை போட்டுக்கொண்டு, போர்வை போர்த்திக்கொண்டு வாழ்கிற மனிதருக்குப் பொருத்துவது ஆபத்து.

அப்போ மனிதர்களிடமே அளந்துவிடலாமே என்றால், எதை வைத்து அளப்பது? இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இதுவரை எல்லோரும் நம்பியிருக்கிற வழி எஃப்.டி.ஜி பெட். கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ் மாதிரி மருந்தை ஊசியில் ஏற்றி, எந்தத் திசு அதை உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. பழுப்புக் கொழுப்பு விழித்தால் குளுக்கோஸ் எடுக்கும், படத்தில் கழுத்தின் இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரியும். பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே அதை நம்பிவிடுகிறோம். ஆனால் பழுப்புக் கொழுப்பு முதன்மையாக எரிப்பது சர்க்கரையை அல்ல, தனக்குள்ளேயே சேர்த்து வைத்த கொழுப்பை. குளுக்கோஸ் ஓரளவுக்கு உடன் வருகிறது, அவ்வளவுதான். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளைக் குளிரில் வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அவர்கள் பழுப்புக் கொழுப்பு குளுக்கோஸ் எடுப்பது குறைந்திருந்தது, ஆனால் ஆக்ஸிஜன் செலவழிப்பதும் கொழுப்பமிலம் எடுப்பதும் குறையவில்லை. அதாவது உலை எரிந்துகொண்டுதான் இருக்கிறது, பெட் படத்தில் மட்டும் அணைந்ததுபோலத் தெரிகிறது. இதயச் செயலிழப்பிலும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது செல்கள் இன்சுலினுக்குச் சரியாக இசையாமல் குளுக்கோஸைக் குறைவாக எடுப்பது, மிகச் சாதாரணம். ஆக, நாம் கேட்கிற கேள்விக்கு பெட் மிக மோசமாகப் பதில் சொல்லக் கூடியது இந்த நோயாளிகளிடம்தான்.

அப்புறம் மருந்து. இதயச் செயலிழப்புச் சிகிச்சையின் தூண்களில் ஒன்று பீட்டா பிளாக்கர், அதாவது நார்அட்ரினலின் வந்து ஒட்டுகிற பீட்டா ஏற்பிகளை அடைக்கிற மருந்து. புற்றுநோய்க்காக பெட் எடுக்கும் இடங்களில், கழுத்தில் பழுப்புக் கொழுப்பு பளிச்சிட்டுக் கட்டியை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே கொடுக்கிற மருந்து எது தெரியுமா? புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர்தான். ஒரு துறையில் பழுப்புக் கொழுப்பைப் படத்திலிருந்து அழிக்கக் கொடுக்கிற மருந்துக் குடும்பத்தை இன்னொரு துறையில் தினமும் சாப்பிடச் சொல்கிறோம், பிறகு அவர்களிடம் பழுப்புக் கொழுப்பு குறைவாகத் தெரிகிறது என்று கட்டுரை எழுதினால் அதில் எவ்வளவு நோயினால், எவ்வளவு மருந்தினால்? கதிர்வீச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிருக்கு முன், குளிருக்குப் பின், சிகிச்சைக்கு மூன்று மாதம் கழித்து என்று ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எடுக்க பெட் ஏற்றதல்ல.

எம்.ஆர்.ஐ வேறொரு கேள்வியைக் கேட்கிறது. இந்தத் திசு சர்க்கரை சாப்பிடுகிறதா என்று கேட்காமல், இந்தத் திசு எதனால் ஆனது என்று கேட்கிறது. எம்.ஆர்.ஐ-யில் சிக்னல் வருவது ஹைட்ரஜன் கருக்களிலிருந்து. தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜனும் கொழுப்பில் இருக்கிற ஹைட்ரஜனும் ஒரே காந்தப் புலத்தில் கொஞ்சம் வெவ்வேறு வேகத்தில் சுழலும். வித்தியாசம் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்குக்குப் பக்கம்தான். 1.5 டெஸ்லா காந்தத்தில் அது விநாடிக்குச் சுமார் 220 சுற்று. எனவே அலையை அனுப்பிவிட்டு 2.3 மில்லிவிநாடி கழித்துக் கேட்டால் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், 4.6 மில்லிவிநாடியில் மறுபடி ஒன்றுசேர்ந்து கூட்டிக்கொள்ளும். இந்த இரண்டு படங்களைக் கூட்டினால் தண்ணீர், கழித்தால் கொழுப்பு. தாமஸ் டிக்சன் 1984-இல் சொன்ன இந்த எளிய யோசனைதான் இன்றைக்கும் அடித்தளம். இப்போது ஆறு எதிரொலிகள்வரை (வெவ்வேறு நேரத்தில் கேட்கிற சிக்னல்கள்) எடுத்து, கொழுப்பின் ஹைட்ரஜன் ஒரே வேகத்தில் அல்லாமல் பல வேகங்களில் சுழல்வதையும் சிக்னல் தேய்கிற வேகத்தையும் கணக்கில் சேர்த்து, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இத்தனை சதவீதம் கொழுப்பு என்று எண்ணாகவே கொடுத்துவிடுகிறார்கள்.

வெள்ளைக் கொழுப்பில் அந்த எண் 90-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். பழுப்புக் கொழுப்பில் மைட்டோகாண்ட்ரியாவும் ரத்தமும் செல் திரவமும் அதிகம் என்பதால் தண்ணீர்ப் பங்கு கூடி எண் இறங்கும். குளிரில் வைத்தால் சேமித்த கொழுப்பு எரிந்து, ரத்த ஓட்டம் கூடி, இன்னும் சில புள்ளிகள் இறங்கும். அதோடு, இரும்பும் ஆக்ஸிஜன் இழந்த ரத்தமும் உள்ளூரக் காந்தப் புலத்தைக் கலைப்பதால் டி2 ஸ்டார் என்ற சிக்னல் ஆயுளும் பழுப்புக் கொழுப்பில் குறைவாக இருக்கும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். மூளை ஆய்வில் பயன்படுத்துகிற அதே ஆக்ஸிஜன் உத்தியை வைத்து, பழுப்புக் கொழுப்பு விழிக்கும்போது ஆக்ஸிஜன் செலவு எப்படி மாறுகிறது என்று தொடர்ச்சியாகப் பார்க்கவும் முடியும். ஸெனான் வாயுவைச் சிறப்பு முறையில் காந்தமூட்டி முகரவைத்து, அது கொழுப்பில் கரையும்போது அதன் அதிர்வெண்ணை வைத்துத் திசுவின் வெப்பநிலையையே அளக்க முடியும் என்று 2014-இல் எலிகளில் காட்டினார்கள். எனக்கு இந்த ஸெனான் வேலை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பழுப்புக் கொழுப்பின் வேலையே வெப்பம் தருவது, அந்த வெப்பத்தையே அளப்பதுதானே நேர்மையான அளவு. ஆனால் அதற்கு வேண்டிய கருவிகள் உலகத்தில் கொஞ்ச இடங்களில்தான் இருக்கின்றன.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நிஜத்தில் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காறை எலும்புக்கு மேலே, கழுத்துத் தசைகளுக்கு நடுவே ஒரு முக்கோணமான கொழுப்புப் பொதி இருக்கும். வளர்ந்தவர்களிடம் பழுப்புக் கொழுப்பைத் தேடப் போகிற முதல் இடம் இதுதான். கொழுப்பு விகிதப் படத்தில் தசை கறுப்பு, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வெள்ளை. முக்கோணம் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே மங்கிய சாம்பலாக, அதுவும் சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக இருக்கும், ஏனென்றால் வளர்ந்தவர்களிடம் பழுப்பும் வெள்ளையும் கலந்தே கிடக்கின்றன. நடுவே சிரைகள் ஊடுருவிப் போகும், நிணநீர் முடிச்சுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். இப்போது எல்லை வரையுங்கள். தசையின் ஓரத்தில் இருக்கிற ஒரு புள்ளியில் பாதி தசையும் பாதி வெள்ளைக் கொழுப்பும் இருந்தால் அதன் எண் 50-க்குப் பக்கம் வரும். பழுப்புக் கொழுப்பு என்று சத்தியம் செய்யும். அதனால் வரைந்த எல்லையை எல்லாப் பக்கமும் ஓரிரு புள்ளி உள்ளே சுருக்க வேண்டும். சுருக்கினால் ஏற்கெனவே சிறிய பொதி இன்னும் சிறுக்கும். நுரையீரல் உச்சியில் காற்று, பக்கத்தில் தோள், ஆக அந்த இடத்தில் காந்தப் புலம் சீராக இருப்பதில்லை. சில நேரம் கணினி தண்ணீரைக் கொழுப்பென்றும் கொழுப்பைத் தண்ணீர் என்றும் மாற்றிப் போட்டுவிடும், ஒரு பக்கத் தசை முழுவதும் வெள்ளையாக வந்து நிற்கும். இதைக் கண்ணால் பார்த்துக் களைய வேண்டும். தானியங்கி மென்பொருளிடம் விட்டுவிட்டு எண்ணை மட்டும் வாங்கிக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இது ஆரோக்கியமான ஆளுக்கு. இப்போது அந்த மேஜையில் இதயச் செயலிழப்பு உள்ளவரைப் படுக்கவையுங்கள்.

முதல் பிரச்சினை, படுப்பதே. மட்டமாகப் படுத்தால் மூச்சு திணறுவது இந்த நோயின் அடையாளம். வீட்டில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறவரை ஒரு குழாய்க்குள் மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தை ஆட்டாதீர்கள், இப்போது மூச்சை அடக்குங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறோம். அவர் முயல்வார், எல்லோரும் உண்மையாகவே முயல்வார்கள், ஆனால் சில விநாடியில் மார்பு தானாகத் தூக்கும், முக்கோணத்தின் ஓரம் முழுக்க நிழல் நிழலாக வரும். நோய் முற்ற முற்றப் படம் மோசமாகும். அதனால் மோசமான படங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுகிற ஆய்வு, தனக்கே தெரியாமல் மிகவும் நோயுற்றவர்களை ஒதுக்கிவிடுகிறது.

இரண்டாவது, கருவி. இவர்களில் பலருக்கு மார்பில் பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை நிறுத்துகிற டிஃபிப்ரிலேட்டரோ பொருத்தியிருப்பார்கள். இப்போது வருகிற கருவிகள் பலவற்றை நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ-க்குள் அனுமதிக்கலாம், பாதுகாப்பு ஒரு தடையாக இல்லாமலே போகலாம். ஆனால் அந்த உலோகப் பெட்டியை வைக்கிற இடம் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே. நாம் தேடுகிற பொதி அதற்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. இடது பக்கம் முழுக்கக் கறுப்பாகக் குழி விழுந்துவிடும். வலது பக்கத்தை மட்டும் வைத்து அளக்கலாம், ஆனால் அப்படியென்றால் கருவி இல்லாதவர்களிடமும் வலது பக்கத்தை மட்டும்தான் அளக்க வேண்டும். இதை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். தண்ணீர்.

இதயச் செயலிழப்பு என்பதே உடம்பில் நீர் தேங்குகிற நோய். கழுத்துச் சிரை புடைத்து நிற்பதை மருத்துவர்கள் வெறும் கண்ணால் பார்த்தே நோயின் கடுமையை மதிப்பிடுகிறார்கள். அந்தப் புடைத்த சிரைகள் நம்முடைய முக்கோணத்தின் வழியாகத்தான் போகின்றன, நிணநீரைச் சிரைக்குள் கொண்டுவந்து சேர்க்கிற முக்கியக் குழாய் முடிகிறதும் அந்த இடத்தில்தான். சிரையில் அழுத்தம் ஏறினால் திசுவுக்குள் நீர் கசியும், நிணநீர் வடிய முடியாமல் தேங்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். எம்.ஆர்.ஐ பழுப்புக் கொழுப்பை அடையாளம் காண்பது எதை வைத்து? கொழுப்புக்குள் தண்ணீர்ப் பங்கு கூடுதல் என்பதை வைத்து. நீர் கோத்த வெள்ளைக் கொழுப்பிலும் தண்ணீர்ப் பங்கு கூடுதல்தான்! கொழுப்பு விகிதம் மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டி2 ஸ்டாருக்கும் இதே கதி. பலவீனமான இதயம் ரத்தத்தை மெதுவாக அனுப்புவதால் திசுக்கள் அதிலிருந்து கூடுதலாக ஆக்ஸிஜனை உருவிக்கொள்கின்றன, சிரை ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, டி2 ஸ்டார் அதனாலேயே மாறும். இரும்புச் சத்துக் குறைவும் இந்த நோயாளிகளிடம் அதிகம், அது எதிர்த்திசையில் இழுக்கலாம். பெட்டின் குறை இன்சுலினிலும் பீட்டா பிளாக்கரிலும் இருந்தது. எம்.ஆர்.ஐ அதிலிருந்து தப்பித்து நேராக நீர் தேக்கத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது.

அதற்காக எம்.ஆர்.ஐ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இதயச் செயலிழப்பில் பழுப்புக் கொழுப்பைப் படிக்க இருக்கிற கருவிகளில் இதுதான் சரியானது என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் ஒரே ஒரு தடவை எடுத்த படத்தில், நோயாளிகளின் சராசரி 78, ஆரோக்கியமானவர்களின் சராசரி 83, எனவே நோயாளிகளிடம் பழுப்பு அதிகம் என்று யாராவது எழுதினால் (எண்கள் உதாரணத்துக்குச் சொல்வதுதான்) அதை ஏற்க மாட்டேன். அந்த ஐந்து புள்ளி வெறும் நீராக இருக்கலாம். அதே படத்தில் முதுகுத் தோலுக்கடியில் உள்ள வெள்ளைக் கொழுப்பையும் அளந்தீர்களா? மல்லாக்கப் படுத்தே கிடக்கிறவரிடம் நீர் அங்கேயும் சேரும், அதுவும் ஐந்து புள்ளி இறங்கியிருந்தால் கதை முடிந்தது. சிறுநீர் பெருக்கி மருந்து கொடுத்து நீரை இறக்கியபின் மறுபடி எடுத்தீர்களா? உடம்பு வறண்டு எடை நிலைப்பட்டபிறகும் முக்கோணம் சாம்பலாகவே இருந்தால்தான் அது பழுப்பு என்று பேச்சை ஆரம்பிக்கலாம். அதைவிட நல்லது, ஒரே மேஜையில் ஒரே ஆளை அசைக்காமல் வைத்து, தூண்டுதலுக்கு முன்னும் பின்னும் அளப்பது. தேங்கிய நீர் அரைமணி நேரத்தில் பெரிதாக மாறாது, பழுப்புக் கொழுப்பு விழித்தால் மாறும்.

ஆனால் எதை வைத்துத் தூண்டுவது? குளிர்நீர் ஓடுகிற மேலங்கிதான் வழக்கம். ஆரோக்கியமானவருக்கு அது அசௌகரியம் மட்டும். குளிரில் தோலின் நாளங்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஏற்கெனவே திணறுகிற இதயம் அந்தக் கூடுதல் எதிர்ப்புக்கு எதிராகத் தள்ள வேண்டும். குளிர்காலத்தில் இதயச் செயலிழப்பு மோசமாகி மருத்துவமனையில் சேர்பவர்கள் கூடுவது தெரிந்த விஷயம். மிதமான குளிர், கண்காணிப்போடு, நிலையான நோயாளிகளிடம் மட்டும் என்றால் சம்மதிக்கலாம். மாத்திரை வழி? சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கிற மிராபெக்ரான் என்ற பீட்டா-3 மருந்து 200 மில்லிகிராம் அளவில் பழுப்புக் கொழுப்பை எழுப்பியது என்று 2015-இல் காட்டினார்கள், ஆனால் வழக்கமான அளவு 25 முதல் 50-தான். 200-இல் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. அதை இந்த நோயாளிகளுக்கு ஆய்வுக்காகக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். படுக்கவைத்து இதமாகச் சூடாக்கி, பழுப்புக் கொழுப்பு அடங்குகிறதா என்று தலைகீழாகப் பார்க்கலாமே என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. நோயால் அது எப்போதும் விழித்தே இருக்கிறது என்பதுதான் சந்தேகம் என்றால், அடங்க மறுப்பதைக் காட்டுவதுதானே நேரான சோதனை. குளிரைவிட இதமான சூட்டைப் பொறுத்துக்கொள்வதும் இவர்களுக்குச் சுலபமாக இருக்கலாம்.

கடைசியாக, செய்து பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற ஓர் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். மனிதரின் பழுப்புக் கொழுப்பை எழுப்புவது எந்தப் பீட்டா ஏற்பி என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. எலியில் பீட்டா-3 என்பது தெளிவு. மனிதரில் பீட்டா-2 தான் முக்கியம் என்று 2020-இல் ஒரு குழு எழுதியது, பீட்டா-3 இல்லாமல் முடியாது என்று வேறொரு குழு அடுத்த ஆண்டே எழுதியது, பீட்டா-1-க்கும் பங்கு உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கிற மருந்துகளில் கார்வெடிலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். பிசோபிரலாலும் மெட்டோபிரலாலும் முக்கியமாக பீட்டா-1-ஐ மட்டும். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஏற்கெனவே இதில் ஏதோ ஒன்றைத்தான் சாப்பிடுகிறார்கள். நீர் இறங்கி எடை நிலைப்பட்ட, உலோகக் கருவி பொருத்தாத நோயாளிகளை இரண்டு மருந்துக் குழுவிலிருந்தும் எடுத்து, வலது காறை எலும்புப் பொதியையும் முதுகுக் கொழுப்பையும் சேர்த்து, சூடாக இருக்கும்போதும் லேசான குளிரிலும் கொழுப்பு விகிதமும் டி2 ஸ்டாரும் அளந்தால் போதும். புது மருந்து வேண்டாம், கதிரியக்க ஊசி வேண்டாம். கார்வெடிலால் சாப்பிடுகிறவர்களிடம் குளிரில் எண் அசையாமல், பிசோபிரலால் சாப்பிடுகிறவர்களிடம் இறங்கினால், பீட்டா-2-இன் பக்கம் தராசு சாயும். அதோடு, எந்த மாத்திரையை எழுதுகிறோம் என்பது நோயாளியின் எடையை எப்படித் தொடுகிறது என்ற கேள்வியையும் அடுத்துக் கேட்க வேண்டிவரும். இரண்டு குழுவிலும் அசைந்தால் வேறு ஏற்பியைத் தேட வேண்டும். இரண்டிலும் அசையாவிட்டால், இன்சுலினைக் குறை சொல்ல வழியில்லாத ஓர் அளவை வைத்தே, இந்த நோயில் பழுப்புக் கொழுப்பு உறங்கிக் கிடக்கிறது என்று சொல்ல முடியும். உருகிப்போகிறவர்களின் ஆற்றல் போகிற வழியை அப்போது தசையிலும் குடலிலும் தேட வேண்டியிருக்கும்.